ஐஎல்-4ஐத் தடுத்தும் அடங்காத ஒவ்வாமை: ஏற்பிகள் என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: "ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குபவை சைட்டோகைன்கள் என்னும், செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்கள் என்று படிக்கிறோம். அப்படியானால் அந்தச் சைட்டோகைனைப் பிடித்து அழிப்பதுதானே நேர்வழி? புதிய மருந்துகள் பல ஏன் அதைப் பெற்றுக்கொள்ளும் செல்லின் மேலுள்ள ஏற்பியைக் குறிவைக்கின்றன? ஏற்பி என்பது செய்தி நுழைவதற்கான வெறும் வாசல்தானே?"

அந்த 'வெறும்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே சைட்டோகைன் ஒரு செல்லில் எதிர்ப்பொருளின் வகையை மாற்றுகிறது, இன்னொரு செல்லில் சளியைப் பெருக்குகிறது, மூன்றாவது செல்லில் அரிப்பைத் தூண்டுகிறது. சில செல்களில் எதையுமே செய்யாமல் விழுங்கப்பட்டு மறைந்துவிடுகிறது. மூலக்கூறு மாறவில்லை, அதைப் பெற்றுக்கொண்ட ஏற்பியும், அந்த ஏற்பி எந்தச் செல்லின் மேல் எந்தத் துணையோடு சேர்ந்து நின்றது என்பதும்தான் மாறின. ஒவ்வாமை அழற்சி எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி ஏற்பிகளின் மட்டத்தில்தான் முடிவாகிறது. மருந்து ஆய்வின் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வந்த தோல்விகளும் வெற்றிகளும் இதற்குச் சாட்சி. அவற்றைக் கொண்டே விளக்குவது எளிது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒவ்வாமை என்ற ஒரே பெயரில் இரண்டு நிகழ்வுகளை அழைக்கிறோம். மகரந்தமோ தூசிப்பூச்சியின் புரதமோ உடலுக்குள் வந்த சில நிமிடங்களில் தும்மலும் தடிப்பும் வருவது முதலாவது. மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் செல்களின் மேல் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருள்களை அந்தப் புரதம் ஒன்றோடொன்று பிணைக்க, அச்செல்கள் சேமித்து வைத்திருந்த ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் கேட்பது இந்த முதல் நிகழ்வுக்குத்தான். சில மணி நேரம் கழித்து ஈசினோஃபில்கள், டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து, திசு வீங்கி, சளி பெருகி, நாள்பட நாள்பட மூச்சுக்குழாயின் சுவரோ தோலின் அமைப்போ மாறிப்போவது இரண்டாவது. ஒவ்வாமை அழற்சி என்று இங்கே நான் சொல்வது இதைத்தான். நாள்பட்ட ஆஸ்துமாவையும் கரப்பான் என்னும் தோல் அழற்சியையும் ஹிஸ்டமின் மாத்திரையால் அடக்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்: அங்கே வேலை நடப்பது வேறு ஏற்பிகளின் வழியாக.

சைட்டோகைன் ஏற்பிகளில் பெரும்பாலானவை தனியாளாக இயங்குவதில்லை. செல்லின் வெளிப்படலத்தைக் குத்தி ஊடுருவி நிற்கும் புரதச் சங்கிலிகள் இரண்டு அருகருகே வந்து சேர்ந்தால்தான் ஒரு ஏற்பி முழுமையாகும். ஐஎல் (இன்டர்லூகின்) என்று பெயர் தொடங்கும் சைட்டோகைன்களில் ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13 போன்றவற்றின் ஏற்பிச் சங்கிலிகளுக்குச் சொந்தமாக நொதித் திறன் கிடையாது. செல்லுக்குள் தொங்கும் வால்பகுதியில் ஜாக் என்னும் நொதி ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். வெளியே சைட்டோகைன் வந்து இரு சங்கிலிகளையும் ஒன்றாக இழுத்துப் பிடித்தவுடன், உள்ளே இரண்டு ஜாக் நொதிகளும் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. அவை வால்பகுதியிலுள்ள டைரோசின் இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அப்படிக் குறியிடப்பட்ட இடங்களில் ஸ்டாட் என்னும் புரதங்கள் வந்து ஒட்டி, தாமும் பாஸ்பேட் பெற்று, இருவர் இருவராகச் சேர்ந்து உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகின்றன. வெளியே தொட்டதிலிருந்து உட்கருவை எட்டுவது வரை எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. எந்தச் சங்கிலி எந்த ஜாக்கைச் சுமக்கிறது, வாலில் எந்த ஸ்டாட்டுக்கு இடம் இருக்கிறது என்பவைதாம் அந்தச் செய்தியின் பொருளை நிர்ணயிக்கின்றன.

இனி, ஒவ்வாமையின் நடுநாயகமான ஐஎல்-4, ஐஎல்-13 ஏற்பிகளுக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானமாகவே போக வேண்டும், ஏனெனில் கேள்விக்கான விடையின் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபா என்று ஒரு சங்கிலி உண்டு. அதற்குத் துணையாக வரக்கூடியவை இரண்டு. டி செல், எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல் போன்ற இரத்த வழிச் செல்களில் 'பொது காமா' என்னும் சங்கிலி துணையாக வருகிறது. இந்தச் சேர்க்கையை முதல் வகை ஏற்பி என்பார்கள். உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்கள், மூச்சுக்குழாயின் மென்தசை, நாரிழைகளை உருவாக்கும் செல்கள் ஆகியவற்றில் துணையாக வருவது ஐஎல்-13 ஏற்பி ஆல்ஃபா-1 என்னும் சங்கிலி. இது இரண்டாம் வகை ஏற்பி. மோனோசைட் போன்ற சில செல்களில் இரண்டு வகையும் உண்டு. முதல் வகையைத் தூண்ட ஐஎல்-4க்கு மட்டுமே முடியும். இரண்டாம் வகையை ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டுமே தூண்டும்.

இரண்டும் ஒரே இரண்டாம் வகை ஏற்பியைப் பயன்படுத்தினாலும் ஏறும் வழி வேறு. ஐஎல்-4 முதலில் ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபாவை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகே துணைச் சங்கிலியைத் தேடி இழுக்கிறது. ஐஎல்-13 தலைகீழ்: அது முதலில் ஐஎல்-13 ஏற்பி ஆல்ஃபா-1ஐப் பற்றுகிறது, அதுவும் தளர்வாகத்தான், பிறகு ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபா வந்து சேரும்போதுதான் பிடி இறுகுகிறது. ஆகவே ஒரு செல்லின் மேல் இந்த இரு சங்கிலிகளில் எது அதிகம், எது குறைவு என்பதைப் பொறுத்து அதே செல் ஒரு சைட்டோகைனுக்குக் கூர்மையாகவும் மற்றதற்கு மந்தமாகவும் செவிசாய்க்க முடியும். எண்ணிக்கையே இங்கே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. போதாக்குறைக்கு, ஐஎல்-4 கிடைத்த செல் தன் மேலுள்ள ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபாவின் எண்ணிக்கையையும் கூட்டிக்கொள்கிறது. ஒருமுறை பழகிய திசு அடுத்த முறை இன்னும் எளிதில் சீறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு வகை ஏற்பிகளும் உள்ளே முதன்மையாக ஸ்டாட்-6 புரதத்தையே இயக்குகின்றன. ஆனால் ஸ்டாட்-6 எந்தச் செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. டி செல்லில் அது காட்டா-3 என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டி, அந்தச் செல்லை ஒவ்வாமைக்குச் சாதகமான இரண்டாம் வகை உதவி டி செல்லாக மாற்றுகிறது. பி செல்லில் ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பாதையைத் திறக்கிறது. மூச்சுக்குழாய் எபிதீலியத்தில் சளி சுரக்கும் கிண்ணச் செல்களைப் பெருக்குகிறது. ஈசினோஃபில்களைக் கூவி அழைக்கும் ஈயோடாக்சின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. தோலின் மேலடுக்குச் செல்லான கெரட்டினோசைட்டில் ஃபிலாக்ரின் உற்பத்தியைக் குறைக்கிறது. தோலின் தடுப்பு அரணைக் கட்டும் புரதம் அது, ஆகவே அரணில் விரிசல் விழுந்து ஒவ்வாமை ஊக்கிகள் இன்னும் எளிதாக உள்ளே வருகின்றன. அழற்சி அரணைக் குலைக்க, குலைந்த அரண் அழற்சியை வளர்க்க, கரப்பான் நோயின் தீராத சுழற்சி இந்த இடத்தில் தொடங்குகிறது.

இப்போது மருந்துகளின் கதையைப் பாருங்கள். ஐஎல்-4ஐ மட்டும் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள் மருந்தான பாஸ்கோலிசுமாப் ஆஸ்துமா நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. காரணத்தை மேலே சொன்ன அமைப்பிலிருந்தே ஊகிக்கலாம்: ஐஎல்-4 இல்லாவிட்டாலும் மூச்சுக்குழாய்ச் சுவரின் இரண்டாம் வகை ஏற்பியை ஐஎல்-13 தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கும். மறுபுறம், ஐஎல்-13ஐ மட்டும் தடுக்கும் லெப்ரிகிசுமாப், டிராலோகினுமாப் ஆகியவையும் ஆஸ்துமாவுக்கான பெரிய சோதனைகளில் சீரான வெற்றி பெறவில்லை. இரண்டுக்கும் பொதுவான ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபாவை அடைக்கும் டுபிலுமாப்தான் வழியைத் திறந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைக் கரப்பான் நோய்க்கு 2017ஆம் ஆண்டிலும் ஆஸ்துமாவுக்கு 2018ஆம் ஆண்டிலும் அனுமதித்தது. அதன் பிறகு மூக்குத் தசைவளர்ச்சியோடு கூடிய நாள்பட்ட சைனஸ் அழற்சி, உணவுக்குழாயின் ஈசினோஃபில் அழற்சி என்று பட்டியல் நீண்டது. தொலைவில் கிடக்கும் இத்தனை உறுப்புகளின் நோய்கள் ஒரே சங்கிலியை அடைத்தால் தணிகின்றன என்பதே அந்தச் சங்கிலியின் இடம் எத்தகையது என்பதைக் காட்டிவிடுகிறது.

அவசரப்பட்டு இதிலிருந்து ஒரு பொதுவிதியை இறக்கிவிடவும் கூடாது. ஆஸ்துமாவில் தடுமாறிய அதே லெப்ரிகிசுமாபும் டிராலோகினுமாபும் கரப்பான் நோயில் பலன் தந்து அனுமதியும் பெற்றன. பாதிக்கப்பட்ட தோலில் ஐஎல்-13தான் மேலோங்கி நிற்கிறது. அங்கே இரண்டாம் வகை ஏற்பியைத் தூண்டுவதில் ஐஎல்-4இன் பங்கு சிறியது. ஆகவே 'ஏற்பியைத் தடுப்பதே சிறந்தது, சைட்டோகைனைத் தடுப்பது வீண்' என்பது என் வாதம் இல்லை. எந்தத் திசுவில் எந்த ஏற்பிக்கு எது ஊட்டம் கொடுக்கிறது என்று தெரிந்த பிறகே எதைத் தடுப்பது என்று சொல்ல முடியும்.

இன்னொரு கேள்வியும் எழும்: இரண்டு துணைச் சங்கிலிகள் இருக்க, ஏன் ஆல்ஃபாவைத் தேர்ந்தெடுத்தார்கள்? பொது காமா சங்கிலியை அடைத்தால் என்ன? அதன் பெயரிலேயே விடை இருக்கிறது. அந்தச் சங்கிலி ஐஎல்-2, ஐஎல்-7, ஐஎல்-9, ஐஎல்-15, ஐஎல்-21 ஆகியவற்றின் ஏற்பிகளுக்கும் பொதுச் சொத்து. பிறவியிலேயே அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு டி செல்களே சரியாக உருவாவதில்லை. எக்ஸ் குரோமோசோம் வழி வரும் கடுமையான ஒருங்கிணைந்த நோய் எதிர்ப்புக் குறைபாடு என்னும் அந்நோய்க்கு இம்மரபணுவே காரணம் என்பது 1993ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஒவ்வாமையை அடக்கப் போய் எதிர்ப்பாற்றலின் அடித்தளத்தையே பெயர்த்துவிட முடியாது அல்லவா?

டுபிலுமாப் எடுத்துக்கொள்ளும் சிலரின் இரத்தப் பரிசோதனையில் ஒரு விந்தை தெரியும். நோய் தணிந்திருக்கும்; ஆனால் இரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை சிறிது காலத்துக்கு முன்னைவிடக் கூடியிருக்கும். அறிக்கையைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணுபவர்களும் உண்டு. நடப்பது இதுதான்: எலும்பு மஜ்ஜை ஈசினோஃபில்களைத் தயாரிப்பது ஐஎல்-5இன் கட்டளைப்படி, அதை இந்த மருந்து தொடவில்லை. ஆனால் அவற்றை இரத்தக்குழாயிலிருந்து திசுவுக்குள் இழுக்கும் ஈயோடாக்சினும், குழாயின் உட்சுவரில் அவற்றைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுப்புரதமும் ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபாவை நம்பியிருக்கின்றன. அழைப்பு நின்றதால் இறங்க இடமின்றி ஈசினோஃபில்கள் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலோருக்கு இது தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் மருத்துவர் கூர்ந்து கவனிக்க வேண்டிவரும். அதேபோல் இந்த மருந்தால் சிலருக்குக் கண் அழற்சி வருவதுண்டு. கண்ணின் மேற்படலத்திலுள்ள கிண்ணச் செல்கள் தம் இயல்பான பணிக்கே ஐஎல்-13ஐ நம்பியிருப்பது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அந்த ஐஎல்-5இன் ஏற்பியும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சங்கிலிகளால் ஆனதே. பீட்டா சங்கிலியை ஐஎல்-3, ஜிஎம்-சிஎஸ்எஃப் ஆகிய சைட்டோகைன்களின் ஏற்பிகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஆல்ஃபா சங்கிலி ஈசினோஃபில்களிலும் பேசோஃபில்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்களிலும் ஏராளமாக இருப்பதால்தான் ஐஎல்-5இன் செயல் இவ்வளவு குறுகிய வட்டத்தில் நிற்கிறது. இங்கேயும் ஒரு பாடம் உண்டு. ஐஎல்-5ஐப் பிடிக்கும் மெப்போலிசுமாப் மருந்தை வைத்து 2000ஆம் ஆண்டில் வெளியான சோதனையில் இரத்த ஈசினோஃபில்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒவ்வாமை ஊக்கியை நுகரச் செய்தபோது மூச்சுக்குழாய் சுருங்குவது குறையவில்லை. ஈசினோஃபில் ஒரு பார்வையாளர் மட்டுமே என்று பலர் முடிவு கட்டினார்கள். பின்னர் திசுவை எடுத்துப் பார்த்தபோது, மூச்சுக்குழாய்ச் சுவரில் ஏறத்தாழப் பாதி ஈசினோஃபில்கள் மருந்துக்குப் பிறகும் எஞ்சியிருந்தது தெரிந்தது. திசுவுக்குள் வந்து சேர்ந்த ஈசினோஃபில் தன் மேலிருக்கும் ஐஎல்-5 ஏற்பி ஆல்ஃபாவைக் குறைத்துக்கொண்டு வேறு சைட்டோகைன்களின் துணையில் பிழைக்கக் கற்றுக்கொள்கிறது. ஐஎல்-5 இல்லாமலும் அதனால் சில காலம் தாக்குப்பிடிக்க முடிகிறது. 2009ஆம் ஆண்டில், ஈசினோஃபில் மிகுந்த கடும் ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் மூச்சுச் சுருக்கத்தை அளப்பதற்குப் பதிலாக மாதக்கணக்கில் எத்தனை முறை நோய் தீவிரமடைகிறது என்று எண்ணிய ஆய்வுகளில் அதே மருந்து பலன் காட்டியது. 2015ஆம் ஆண்டில் அது அனுமதி பெற்றது.

பென்ராலிசுமாப் வேறு உத்தியைக் கையாள்கிறது. அது ஐஎல்-5ஐ விட்டுவிட்டு ஐஎல்-5 ஏற்பி ஆல்ஃபாவின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்த எதிர்ப்பொருளின் சர்க்கரைக் கிளையிலிருந்து ஃப்யூகோஸ் என்னும் சர்க்கரையை நீக்கியிருப்பதால், இயற்கைக் கொல்லிச் செல்கள் அதை வழக்கத்தைவிட இறுகப் பற்றி, அது ஒட்டியிருக்கும் ஈசினோஃபிலையே கொன்றுவிடுகின்றன. முதல் ஊசிக்குப் பிறகு ஒரே நாளில் இரத்தத்தில் ஈசினோஃபில் ஏறத்தாழ இல்லாமல் போகும். ஏற்பி இங்கே செய்தி வாங்கும் உறுப்பாகப் பயன்படவில்லை. எந்தச் செல்லைக் கொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமாகப் பயன்படுகிறது.

இதுவரை சொன்னவை நடுவழியில் நடப்பவை. தொடக்கம் தோல், மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் எபிதீலியத்தில் இருக்கிறது. அந்தச் செல்கள் காயப்படும்போது ஐஎல்-33, ஐஎல்-25, டிஎஸ்எல்பி என்னும் மூன்று அபாய அறிவிப்புகளை வெளியிடுகின்றன. இவற்றை முதலில் கேட்பவை இரண்டாம் வகை உள்ளார்ந்த நிணநீர்ச் செல்கள். 2010ஆம் ஆண்டை ஒட்டித்தான் இவை தனி இனமாக அடையாளம் காணப்பட்டன. ஒவ்வாமை ஊக்கியை அடையாளம் காணும் திறனே இவற்றுக்குக் கிடையாது. அபாய அறிவிப்புக்கான ஏற்பிகள் மட்டும் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் போதும், ஐஎல்-5ஐயும் ஐஎல்-13ஐயும் கொட்டித் தீர்க்கும்.

ஐஎல்-33இன் ஏற்பியான எஸ்டி2வின் வரலாறு சுவையானது. 1989ஆம் ஆண்டில் அந்த ஏற்பியின் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதில் வந்து பொருந்தும் மூலக்கூறு எது என்று தெரியவில்லை. பெற்றோர் தெரியாத பிள்ளைபோல் பதினாறு ஆண்டுகள் இருந்த அந்த ஏற்பிக்கு 2005ஆம் ஆண்டில்தான் ஐஎல்-33 துணையாகக் கிடைத்தது. எஸ்டி2, ஜாக் நொதியோடு இயங்கும் முன்னே சொன்ன ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இது ஐஎல்-1 ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் உள்வால் ஜாக்குக்குப் பதிலாக மைடி88 என்னும் இணைப்புப் புரதத்தை அழைத்து, என்எஃப்-கப்பா-பி என்னும் பாதையை முடுக்குகிறது. ஆகவே ஜாக் நொதியைத் தடுக்கும் மாத்திரை எதுவும் எஸ்டி2வின் முதல் செய்தியை நேரடியாக நிறுத்தாது.

ஐஎல்-33 எந்நேரமும் உட்கருவுக்குள் தயாராகக் கிடப்பதால் அதற்குக் கடுமையான காவல் தேவைப்படுகிறது. பூஞ்சை, தூசிப்பூச்சி ஆகியவற்றிலுள்ள புரதம் அறுக்கும் நொதிகள் அதை வெட்டும்போது அதன் வீரியம் பன்மடங்கு கூடுகிறது. மறுபுறம், செல்லுக்கு வெளியே வந்தவுடன் ஆக்ஸிஜனேற்றத்தால் அதன் உருவமே மடங்கி மாறி, சில மணி நேரத்தில் எஸ்டி2வில் பொருந்தாததாகிவிடுகிறது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் அருகில் எஸ்டி2 இருக்கிறதா என்பதே அழற்சி தொடங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஐஎல்-33, எஸ்டி2 ஆகிய இரண்டின் மரபணுக்களும் ஆஸ்துமாவோடு தொடர்புடையவை என்று பெரிய மரபணு ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. ஐஸ்லாந்து மக்களிடம் காணப்பட்ட, ஐஎல்-33ஐச் செயலிழக்கச் செய்யும் ஓர் அரிய மரபணு மாற்றம், அதைச் சுமப்பவர்களுக்கு ஈசினோஃபிலையும் ஆஸ்துமா வாய்ப்பையும் குறைக்கிறது என்று 2017ஆம் ஆண்டில் வெளியானது. டிஎஸ்எல்பியைப் பிடிக்கும் டெஸெபெலுமாப் 2021ஆம் ஆண்டின் இறுதியில் கடும் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. ஊற்றுக்கண்ணில் கை வைப்பதால் ஈசினோஃபில் குறைவாக உள்ளவர்களிடமும் அது ஓரளவு வேலை செய்கிறது.

இனி, கேள்வியில் வராத, ஆனால் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு உரிய பகுதி: தடுப்புகள். சைட்டோகைனைப் பற்றிக்கொண்டு உள்ளே எந்தச் செய்தியும் அனுப்பாத ஏற்பிகளை உடலே தயாரிக்கிறது. இவற்றைப் போலி ஏற்பிகள் என்பார்கள். ஐஎல்-13 ஏற்பி ஆல்ஃபா-2 என்பது அப்படிப்பட்டது. அதன் உள்வால் மிகக் குட்டையானது. ஜாக்-ஸ்டாட் பாதையைத் தூண்டும் அமைப்பு அதில் இல்லை. ஆனால் ஐஎல்-13ஐ அது பற்றும் இறுக்கம், உண்மையான ஏற்பியின் முதல் சங்கிலி பற்றுவதைவிடப் பலமடங்கு. ஐஎல்-13 தூண்டிய செல்லே இந்தப் போலி ஏற்பியையும் கூடுதலாகத் தயாரிக்கிறது. தீ மூட்டியவரே ஒரு குடம் தண்ணீரையும் அருகில் வைத்துவிட்டுப் போவதுபோல. எஸ்டி2வுக்கும் இப்படி ஒரு நிழல் வடிவம் உண்டு: ஒரே மரபணுவிலிருந்து படலத்தில் பதியாத, இரத்தத்தில் மிதக்கும் எஸ்டி2வும் உருவாகி, ஐஎல்-33ஐ வழியிலேயே மடக்குகிறது. இந்த மிதக்கும் எஸ்டி2வை இதய மருத்துவர்கள் வேறு காரணத்துக்காக அளக்கிறார்கள்; இதயச் செயலிழப்பின் தீவிரத்தைக் கணிக்க அது உதவுகிறது.

செல்லுக்குள்ளும் தடைகள் உண்டு. ஸ்டாட் இயக்கும் மரபணுக்களில் சாக்ஸ் என்னும் புரதங்களுக்கானவையும் அடங்கும். அவை திரும்பி வந்து ஜாக்கின் மேல் அமர்ந்து அதன் வேலையை நிறுத்துகின்றன. ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளும், பயன்பட்ட ஏற்பியை உள்ளே இழுத்துச் சிதைக்கும் ஏற்பாடும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு எதிர்த்தரப்பு ஏற்பிகளின் வழியாக வருகிறது. இன்டர்ஃபெரான் காமா என்னும் சைட்டோகைனின் ஏற்பி இரண்டாம் வகை உதவி டி செல் உருவாவதைப் பின்னுக்கு இழுக்கிறது. பி செல்லின் ஐஎல்-21 ஏற்பி ஐஜிஇ தயாரிப்பைக் குறைக்கிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளில் ஐஜிஇ எகிறிவிடுகிறது. ஒவ்வாமை ஊக்கியைச் சிறுசிறு அளவில் நீண்ட நாள் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் சுரக்கும் ஐஎல்-10, அதன் ஏற்பி வழியாக ஐஜிஜி4 வகை எதிர்ப்பொருளை வளர்த்து ஐஜிஇயின் கைக்கு வேலை இல்லாமல் செய்கிறது.

இந்தத் தடைகள் பழுதானால் என்னவாகும் என்பதற்கு அரிய மரபணு நோய்களே சான்று. அழற்சியை அடக்கும் சைட்டோகைனான டிஜிஎஃப்-பீட்டாவின் ஏற்பி மரபணுக்களில் மாற்றம் ஏற்படும் லோயிஸ்-டீட்ஸ் நோய் பெருந்தமனி விரிவடையும் நோயாகவே அறியப்பட்டது. அந்நோயாளிகளிடம் உணவு ஒவ்வாமை, ஆஸ்துமா, கரப்பான் ஆகியவை வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதாக 2013ஆம் ஆண்டில் தெரிவிக்கப்பட்டது. ஸ்டாட்-6 அளவுக்கு மீறி இயங்கும்படி மரபணு மாறியவர்களுக்குச் சிறுவயதிலேயே கடும் ஒவ்வாமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2023ஆம் ஆண்டில் பல குடும்பங்களிலிருந்து இது விவரிக்கப்பட்டது, அவர்களில் டுபிலுமாப் பெற்றவர்கள் நன்கு தேறினார்கள். கோளாறு ஏற்பிக்குக் கீழே ஸ்டாட்-6இல் இருந்தாலும், மேலிருந்து வரும் தூண்டலை நிறுத்தினாலே பெருமளவு நிவாரணம் கிடைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

அரிப்பைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்ல வேண்டும், ஏனெனில் கரப்பான் நோயாளிக்கு அதுதான் நோயே. உணர்வு நரம்புகளின் மேலேயே ஐஎல்-4 ஏற்பி ஆல்ஃபா இருப்பதையும், அது தூண்டப்பட்டால் ஹிஸ்டமின் உள்ளிட்ட பிற அரிப்பூட்டிகளுக்கு நரம்பு இன்னும் கூர்மையாவதையும் 2017ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. ஐஎல்-31க்கும் நரம்பின் மேல் தனி ஏற்பி உண்டு. அதை அடைக்கும் நெமோலிசுமாப் 2022ஆம் ஆண்டில் ஜப்பானில் கரப்பான் நோயின் அரிப்புக்கு அனுமதி பெற்றது. தோலின் தடிப்பு குறைவதற்கு முன்பே, ஊசி போட்ட சில நாட்களில் அரிப்பு தணிவது ஏன் என்று கேட்டால், நரம்பும் ஏற்பியும் நேரடியாகப் பேசிக்கொள்வதுதான் விடை.

ஏற்பியை விட்டுவிட்டு ஒரு படி கீழே இறங்கி ஜாக் நொதியைத் தடுக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன. உபாடாசிடினிப், அப்ரோசிடினிப் இரண்டும் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கரப்பான் நோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்றன. ஐஎல்-4, ஐஎல்-13, ஐஎல்-31, டிஎஸ்எல்பி என்று பல ஏற்பிகள் ஜாக்-1ஐப் பயன்படுத்துவதால் இவற்றின் வேகம் ஊசிகளை விஞ்சும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையான பக்கவிளைவுகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன: இன்டர்ஃபெரான் ஏற்பிகளுக்கும் அதே ஜாக்-1 தேவை என்பதால் அக்கி போன்ற தொற்றுகள் தலைதூக்கலாம், கடும் தொற்று, இரத்த உறைவு, இதய நிகழ்வுகள், புற்றுநோய் ஆகியவை குறித்த எச்சரிக்கையோடுதான் அவை வழங்கப்படுகின்றன. வாயால் விழுங்கும் வசதிக்காக மட்டும் ஊசியிலிருந்து இவற்றுக்கு மாறுவதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, கேட்கப்படாவிட்டாலும் எல்லோர் மனத்திலும் இருக்கும் ஐயம்: ஏற்பியை அடைத்துவிட்டால் ஒவ்வாமை குணமாகிவிடுமா? டுபிலுமாப் தொடங்கியவருக்குச் சில வாரங்களில் தோல் தெளிவடையலாம். ஆனால் இரத்தத்தின் ஐஜிஇ அளவு மாதக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் இறங்கும். புதிய பி செல்கள் ஐஜிஇக்கு மாறுவதை ஏற்பித் தடுப்பு நிறுத்துகிறது. ஏற்கெனவே மாறி, எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிட்ட, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் பிழைத்திருக்க ஐஎல்-4 தேவையில்லை. ஓராண்டு சிகிச்சைக்குப் பிறகு தெளிந்துபோன தோலை எடுத்து ஆராய்ந்தபோதும், ஐஎல்-13ஐத் தயாரிக்கும் நினைவு டி செல்கள் அங்கேயே தங்கியிருந்தன. அவை செய்தியை அனுப்பத் தயாராகவே இருக்கின்றன. கேட்கும் ஏற்பி அடைபட்டிருப்பதால் மட்டுமே தோல் அமைதியாக இருக்கிறது. மருந்தை நிறுத்தியவர்களில் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே இடத்தில், சில சமயம் அதே வடிவத்தில், தடிப்பு திரும்பி வருவது இதனால்தான்.